100 மீட்டர் வழிக்கு 135 ஆண்டுகள்: ஷின்ஜுகு நிலையம் ஏன் இப்படி இருக்கிறது?

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் 2020 ஜூலை 19 அன்று ஒரு நடைபாதையைத் திறந்தார்கள். நீளம் சுமார் 100 மீட்டர், அகலம் 25 மீட்டர். தண்டவாளங்களுக்கு அடியில் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயமாக இல்லை. நிலையம் திறந்தது 1885இல். அன்று முதல் 135 ஆண்டுகளாக, டிக்கெட் இல்லாமல் அதன் நடுவே குறுக்காகப் போக வழியே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதை முன்பே இருந்ததுதான். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே, 17 மீட்டர் அகலத்தில் இருந்தது. அதை அகலப்படுத்தி, கேட்டுகளை நடைமேடைப் படிக்கட்டுகளின் பக்கமாகத் தள்ளி வைத்து, நடுவழியைப் பொதுவழி ஆக்கினார்கள். அதற்கு முன்பு மேற்கே இருக்கும் அலுவலகத்திலிருந்து கிழக்கே இருக்கும் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர், வடக்கே போய் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து வரவேண்டும். அல்லது தெற்கே போய் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். சுரங்க ரயிலை ஒட்டிய ஒரு நிலத்தடி வழியும் உண்டு, அதுவும் சுற்றுவழிதான். நேரே எதிரில் தெரிகிற இடத்துக்கு ஊரைச் சுற்றிப் போகும் கதை.

உலகத்திலேயே அதிகம் பேர் வந்துபோகும் ரயில் நிலையம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இடம் இது. அங்கே போய் வழி தெரியாமல் நின்றவர்கள் எல்லாருமே, ‘இதை எந்தப் புத்திசாலி வடிவமைத்தான்?’ என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பார்கள். பதில்: ஒருவரும் வடிவமைக்கவில்லை. ஊருக்கு வெளியே, வயலும் காடுமாக இருந்த இடத்தில், வேறு எங்கோ போகிற சரக்குக்காகப் போட்ட ஒரு தண்டவாளம். அதன்மேல் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டிய தடங்கள்தான் இன்றைய குழப்பம். அந்தத் தடங்களைப் பின்தொடர்ந்து போனால் டோக்கியோவின் 140 வருடக் கதையைக் கிட்டத்தட்ட முழுவதுமாகப் படித்துவிடலாம்.

முதலில் அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிடுவோம். கொரோனாவுக்கு முன்பு நாளொன்றுக்கு சுமார் 35 லட்சம் பேர் என்பார்கள். இது தலைகளின் எண்ணிக்கை அல்ல. இங்கே ஐந்து நிறுவனங்கள் ரயில் ஓட்டுகின்றன: ஜேஆர் கிழக்கு, ஓடாக்யூ, கெய்ஓ, டோக்கியோ மெட்ரோ, மாநகர அரசின் தோயெய். ஏறுபவர், இறங்குபவர் இருவரையும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எண்ணும். கெய்ஓ ரயிலில் வந்து ஜேஆருக்கு மாறுகிற ஒரே ஆள், அங்கே ஓர் இறக்கம், இங்கே ஓர் ஏற்றம் என்று இரண்டு கணக்கில் வருவார். மாலையில் திரும்பும்போது இன்னும் இரண்டு. அதனால் 35 லட்சம் என்பதைக் கேட்டு வாயைப் பிளக்கும் முன் கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது. கழித்தாலும் மீதி லேசுப்பட்டது இல்லை. ஜேஆர் கணக்கில் மட்டும், ஏறுபவர்கள் மட்டும், 2019 வாக்கில் நாளொன்றுக்கு ஏழே முக்கால் லட்சம்.

சரி, ஊரின் தொடக்கத்துக்கு வருவோம்.

‘ஷின்ஜுகு’ என்றால் புதுச் சத்திரம், புதிதாக ஏற்பட்ட தங்கல் என்று பொருள். எடோ என்ற பெயரில் டோக்கியோ இருந்த காலத்தில், தலைநகரிலிருந்து ஐந்து பெருவழிகள் பிரிந்தன. அவற்றில் ஒன்று கோஷூ கைடோ. மற்ற வழிகளில் எல்லாம், ஐந்தும் தொடங்கும் நிஹோன்பாஷி பாலத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் முதல் தங்கல் வந்துவிடும். இந்த வழியில் மட்டும் தகாய்டோ வரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் போகவேண்டும். அசகுசா பகுதி வணிகர்கள் சிலர் இதைக் கவனித்தார்கள். நடுவில் ஒரு தங்கல் ஊர் அமைக்க அனுமதி கேட்டு, அரசுக்கு 5,600 ரியோ பொன் கட்டுவதாகச் சொன்னார்கள். 1698இல் அனுமதி கிடைத்தது. நைட்டோ என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை நிலத்தை ஒட்டி அமைந்ததால் அதற்கு நைட்டோ ஷின்ஜுகு என்று பெயர். அந்த மாளிகை நிலம்தான் இன்று செர்ரி மரங்களுக்குப் பேர்போன ஷின்ஜுகு கியோஎன் பூங்கா.

வணிகர்கள் அவ்வளவு பொன்னைக் கொட்டியது வழிப்போக்கர்களின் கால்வலிக்கு இரங்கி அல்ல. குதிரை மாற்றும் இடத்தில் விடுதி வரும். விடுதியில் பெண்கள் இருப்பார்கள். நகரத்துக்காரர்கள் பயணம் என்ற சாக்கில் வந்துபோவார்கள். அந்தத் தொழில் நன்றாகவே நடந்தது. 1718இல் அரசு இந்தத் தங்கலையே மூடியது, 1772இல் மறுபடி திறந்தது. இன்று இதன் கிழக்குப் பக்கத்தை இரவுக் கேளிக்கை இடம் என்கிறோமே, அதன் வேர் ரயிலுக்கும் முந்தியது.

ரயில் வந்ததற்குக் காரணம் இந்த ஊரே அல்ல. பட்டு. அன்று ஜப்பானின் பெரிய ஏற்றுமதிச் சரக்கு பட்டுநூல். அது விளைவது வடமேற்கே குன்மா பக்கம், கப்பலேறுவது தெற்கே யோகோஹாமா துறைமுகத்தில். குன்மாவிலிருந்து வந்த ரயில் உயேனோவில் முடிந்தது. யோகோஹாமாவுக்குப் போகும் ரயில் ஷிம்பாஷியில் தொடங்கியது. நடுவே நெருக்கமான பழைய நகரம். அதை இடித்துக்கொண்டு போவதைவிட மேற்கே வயல்வெளி வழியாகச் சுற்றி அகாபனேயையும் ஷினகாவாவையும் இணைத்துவிடலாம் என்று நிப்பான் ரயில்வே என்ற தனியார் நிறுவனம் முடிவு செய்தது. 1885 மார்ச் 1 அன்று அந்தப் பாதை ஓடத் தொடங்கியது. வழியில் நின்ற சிறு நிலையங்களில் ஒன்று ஷின்ஜுகு. இன்று பச்சைக் கோடு போட்டு நகரத்தை வட்டமடிக்கும் யமனோடே ரயிலின் தொடக்கம் இந்தச் சரக்குச் சுற்றுவழிதான். முழு வட்டமாக அது மூடியது 1925இல்.

நிலையம் தங்கல் ஊருக்கு நடுவே வரவில்லை, அதன் மேற்கு விளிம்புக்கும் வெளியே ட்சுனோஹாசு என்ற கிராமத்தில் நின்றது. தொடக்கத்தில் நாளைக்கு 50 பேர்தான் வருவார்கள், மழை பெய்தால் ஒருவரும் இல்லை என்று சொல்வதுண்டு. வந்திறங்கியது பெரும்பாலும் விறகும் கரியும். இன்று நிலையத்தின் கிழக்கு வாசலுக்கு எதிரே கண்ணைப் பறிக்கும் பழக்கடை நடத்தும் தகானோ, நிலையம் திறந்த அதே 1885இல் தொடங்கியது. அப்போது பட்டுக்கூடும் பழைய பொருள்களும்தான் வியாபாரம், பழம் ஓரத்தில். ஜப்பான் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் கினொகுனியா புத்தகக்கடையும் இங்கே ஒரு கரிக்கடைக் குடும்பத்தில் பிறந்ததுதான். 1927இல் அந்த வீட்டுப் பிள்ளை கரிக்குப் பதிலாகப் புத்தகம் விற்க ஆரம்பித்தார்.

கரி இறக்கிய நிலையம் மனிதர்களை இறக்கும் நிலையமாக மாறியதற்கு ஒரு பேரழிவு காரணம். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலம் எரிந்து சாம்பலானது. வீடிழந்தவர்களும் பயந்தவர்களும் மேற்கே மேட்டு நிலத்துக்குக் குடிபோனார்கள். வேலை நகரத்தில், வீடு மேற்கே. நடுவில் இருந்த வாசற்படி ஷின்ஜுகு. 1889இலேயே இங்கிருந்து தச்சிகாவாவுக்குப் பாதை போட்டிருந்தார்கள், இன்றைய சூஓ லைன் அது. 1915இல் கெய்ஓ, 1927இல் ஓடாக்யூ என்று தனியார் மின்ரயில்கள் மேற்கிலிருந்து வந்து சேர்ந்தன. இந்த இரண்டும் இங்கேயே நின்றன, நகரத்தின் நடுப்பகுதிக்குப் போகவில்லை. பயணி இறங்கி மாறியே ஆகவேண்டும். இறங்கி மாறுகிறவன் கையில் காசும் பத்து நிமிடமும் இருக்கும், கடைக்காரனுக்கு அது போதும். 1933இல் இசெத்தான் பேரங்காடி கிழக்கே வந்தது.

இந்தக் கிழக்குத் தெருவில் நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு கடை இருக்கிறது. நாகமுராயா என்ற ரொட்டிக்கடை. 1909இல் இங்கே இடம்பெயர்ந்தது. டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். பிரிட்டன் அப்போது ஜப்பானின் நேச நாடு. அது நெருக்கவே, ஜப்பான் அரசு அவரை நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவிட்டது. கடைக்காரர் சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக் கூடத்தில் போஸை மாதக்கணக்கில் ஒளித்து வைத்தார்கள். பிறகு 1918இல் அவர்கள் மகள் தொஷிகோவையே அவர் மணந்துகொண்டார். தொஷிகோ 1925இல் இறந்துபோனார்.

1927இல் கடையில் உணவகம் திறந்தபோது மாமனாருக்கு மருமகன் சொன்ன யோசனை, இந்தியக் கறி. ஜப்பானியர்களுக்கு அதுவரை தெரிந்த கறி, இங்கிலாந்து வழியாக வந்த, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய மஞ்சள் குழம்பு. போஸ் கேட்டது எலும்போடு கோழியைப் போட்டு, மசாலாவை வதக்கி இறக்குகிற நம் ஊர்ப் பக்குவம். மற்ற கடைகளில் 10, 12 சென்னுக்கு (100 சென் ஒரு யென்) கறிசோறு விற்ற காலத்தில் இங்கே 80 சென். இருந்தும் கூட்டம் வந்தது. இன்றும் அதே இடத்தில், புதுக் கட்டடத்தின் நிலத்தடியில், குழம்பு தனியாகவும் சோறு தனியாகவும் அந்தக் கறி வருகிறது. கறியைக் கொடுத்த ராஷ் பிஹாரிதான் பின்னால் இந்திய சுதந்திர லீக்கை நடத்தி, 1943இல் சிங்கப்பூரில் அதன் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த கதைக்கு, ஷின்ஜுகு ரொட்டிக்கடையின் பின்கட்டு ஒரு தொடக்கப் புள்ளி.

1945 வசந்தத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சில் இந்தப் பகுதி தரைமட்டமானது. நிலையத்தின் வடிவத்தை இது ஒரு விசித்திரமான வழியில் மாற்றியது. கெய்ஓ ரயில் அதுவரை தெற்கே மேம்பாலத்தின் மீது சாலையோடு சாலையாக ஏறி, தண்டவாளங்களைக் கடந்து, கிழக்கே போய் முடிந்தது. குண்டில் துணை மின்நிலையம் ஒன்று பழுதாகி மின்சாரம் குறைந்ததும், ரயிலால் அந்தப் பாலத்தின் ஏற்றத்தை ஏற முடியவில்லை. சரி, ஏறவே வேண்டாம் என்று 1945 ஜூலையில் மேற்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தற்காலிகம் என்று செய்த அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது. கெய்ஓ முனையம் ஏன் மேற்கே, ஓடாக்யூவுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது என்று கேட்டால் பதில் இதுதான்: ஒரு ரயில் மேடு ஏறமாட்டேன் என்றது.

போர் முடிந்த ஐந்தாம் நாள், 1945 ஆகஸ்ட் 20 அன்று, கிழக்கு வாசலுக்கு வெளியே ஒரு கள்ளச்சந்தை முளைத்தது. நடத்தியது ஓசு கும்பல். ராணுவத்துக்குப் பொருள் செய்து கொடுத்த பட்டறைகளிடம் சரக்கு தேங்கிக் கிடந்தது, வாங்க ராணுவம் இல்லை. கும்பல் தலைவர் ஓசு, நாளிதழில் விளம்பரம் கொடுத்து அவர்களைக் கூப்பிட்டார். இரும்புத் தொப்பி செய்தவர்கள் சட்டி செய்து கொண்டுவந்தார்கள். ‘ஒளி ஷின்ஜுகுவிலிருந்து’ என்று சந்தையில் எழுதி விளக்கு போட்டார்கள். நகரமே இருட்டில் கிடந்தபோது அந்த வாசகம் எடுபட்டது. மேற்குப் பக்கம் யசுதா கும்பலின் சந்தை. அதன் மிச்சம்தான் இன்று தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இருக்கும் ஒமொய்தே யோகொச்சோ, நினைவுச் சந்து. கோழித்துண்டுகளைக் குச்சியில் குத்திக் கரியில் வாட்டுகிறார்கள். புகை உங்கள் சட்டையில் வீடு வரைக்கும் வரும்.

1949 வாக்கில் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் உத்தரவிட்டது. கிழக்கே துரத்தப்பட்டவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய்க் கட்டிய மரவீட்டு வரிசைகள் கோல்டன் காய் ஆயின. ஆறேழு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் மதுக்கடைகள் 200க்கு மேல். அதற்குப் பக்கத்தில் கபுகிச்சோ. போரில் எரிந்த நிலத்தில் ஒரு கபுகி நாடகக் கொட்டகை கட்டி, குடும்பத்தோடு வரும் கலைப்பேட்டை ஆக்குவோம் என்று அந்தத் தெரு மக்கள் திட்டம் போட்டார்கள். 1948இல் பெயரும் வைத்தாயிற்று. கொட்டகை கடைசிவரை வரவேயில்லை. பெயர் மட்டும் நின்று, ஜப்பானின் மிகப் பெரிய இரவுப் பேட்டைக்குப் பொருந்தாத பட்டமாக ஒட்டிக்கொண்டது.

நகரத்துக்குள் நீண்டுபோக ஆசைப்பட்டு நடுவழியில் நின்ற இன்னொரு ரயில் செய்பு. 1952இல் தற்காலிகமாக என்று சொல்லி, ஷின்ஜுகுவுக்கு வடக்கே சுமார் 400 மீட்டர் தள்ளி ஒரு முனையம் போட்டார்கள். 1964இல் கிழக்கு வாசலில் கட்டிய நிலையக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் செய்புவுக்கு இடமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் ஆறு பெட்டி ரயில்தான் நிற்கும், நடைமேடைகளும் குறைவு. அதற்குள் கூட்டம் பெருகிவிட்டது, அந்த அளவு ரயில் எந்த மூலைக்கு? திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒதுக்கிய இடம் கடைகளாகிவிட்டது. செய்பு பயணிகள் இன்றும் மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்த 400 மீட்டரை நடக்கிறார்கள்.

அந்தப் பெருகிய கூட்டத்தை ரயிலுக்குள் அடைக்க ஆள் போட்டதும் இங்கேதான் தொடங்கியது என்பார்கள். 1955இல் பகுதிநேர வேலைக்கு மாணவர்களை எடுத்துக் கதவருகே நிறுத்தினார்கள். வெள்ளைக் கையுறை போட்டுப் பயணியை முதுகில் தள்ளி உள்ளே அடைக்கும் அந்தப் பழைய படங்களை எல்லாரும் பார்த்திருப்போம்.

இனி மேற்குப் பக்கம். இங்கே கதை தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. காலராவுக்கு அஞ்சி டோக்கியோ நவீனக் குடிநீர் அமைப்பைக் கட்டியபோது, 1898இல் யோடோபாஷி சுத்திகரிப்பு நிலையத்தை இங்கே வைத்தார்கள். சுமார் 34 ஹெக்டேர், பெரும் பெரும் தொட்டிகள். கேமராக் கடைச் சங்கிலி ஒன்று யோடோபாஷி என்று பெயர் வைத்திருப்பது இந்த இடத்தின் பழைய பெயரால்தான். நிலையத்துக்குக் கிழக்கே ஒவ்வொரு அடி நிலமும் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், மேற்கே இவ்வளவு பெரிய நிலம் ஒரே கையில் அப்படியே கிடந்தது. 1960இல் இங்கே துணை நகர மையம் ஒன்றை எழுப்பத் திட்டம் போட்டார்கள், 1965இல் தண்ணீர் வேலை நின்றது. கட்டட உயரத்துக்கு இருந்த 31 மீட்டர் வரம்பும் அதற்குள் தளர்ந்துவிட்டது. 1971இல் 47 மாடி கெய்ஓ பிளாசா ஹோட்டல் எழுந்தது. அப்புறம் வரிசையாகக் கோபுரங்கள். 1991இல் கென்சோ டாங்கே வடிவமைத்த 243 மீட்டர் மாநகர அரசுக் கட்டடம் வந்து, தலைநகர நிர்வாகமே இங்கே குடியேறியது.

தொட்டிகளை முழுக்கத் தூர்க்கவில்லை என்பது முக்கியம். தொட்டியின் அடித்தளம் ஒரு தெருவானது, கரையின் உயரம் இன்னொரு தெருவானது. நீங்களே நடந்து பார்க்கலாம். மேற்கு வாசலில் டிக்கெட் கேட்டைத் தாண்டும்போது நீங்கள் நிலத்தடியில் இருக்கிறீர்கள். அங்கிருந்து கோபுரங்களை நோக்கி நிலத்தடி வழியில் நேராக நடக்கிறீர்கள். ஒரு படிகூட ஏறவில்லை. திடீரென்று தலைக்கு மேல் வானம் தெரிகிறது, பக்கத்தில் மரம் நிற்கிறது, கார் போகிறது. நிலத்தடி எப்போது தெருவானது? நீங்கள் ஏறவில்லை, தரை இறங்கிவிட்டது. தண்ணீர் நின்ற பள்ளத்தில் நிற்கிறீர்கள். நிமிர்ந்து பார்த்தால் உங்கள் தலைக்கு மேலே குறுக்காக இன்னொரு சாலை போகிறது, அது பழைய கரை மட்டம்.

வழி தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். இந்த நிலையத்தில் ‘தரை’ என்று ஒன்று கிடையாது. தெற்கே கோஷூ கைடோ தண்டவாளங்களுக்கு மேலே பாலமாகப் போகிறது, அதனால் தெற்கு வாசல் மாடியில். வடக்கே ஓமே கைடோ தண்டவாளங்களுக்குக் கீழே நுழைகிறது. கிழக்கு, மேற்கு வாசல்கள் நிலத்தடியில். தெற்கு வாசலுக்குப் போகவேண்டியவர் கிழக்குப் பக்கம் இறங்கிவிட்டால், தப்பு திசையில் மட்டும் இல்லை, இரண்டு மாடி வித்தியாசமும் இருக்கும். தட்டையான வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது. வெளிவாசல்கள் 200க்கு மேல். ஒரே கெய்ஓ நிறுவனத்தின் பழைய பாதையும் புதிய பாதையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். போதாததற்கு, ஷின்ஜுகு, செய்பு ஷின்ஜுகு, ஷின்ஜுகு மேற்கு வாசல், மேற்கு ஷின்ஜுகு, கிழக்கு ஷின்ஜுகு, தெற்கு ஷின்ஜுகு, ஷின்ஜுகு மூன்றாம் வட்டாரம் என்று தனித்தனி நிலையங்கள் வேறு. ‘ஷின்ஜுகுவில் சந்திப்போம்’ என்று சொல்வது சந்திக்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

மீதிப் பாதிக் காரணம் நிலம் யாருடையது என்பது. ஒவ்வொரு நிறுவனமும் தன் முனையத்தின் தலையில் தன் கடையைக் கட்டியது. கெய்ஓ பேரங்காடி, ஓடாக்யூ பேரங்காடி, ஜேஆரின் லுமினே. ரயிலில் இறங்கியவர் தன் கடை வழியாகவே வெளியே போகவேண்டும் என்பதுதான் ஒவ்வொருவர் கணக்கும். பக்கத்து நிறுவனத்துக்குச் சுருக்கமாக வழி விடுவதில் யாருக்கு என்ன லாபம்? ஓர் ஊருக்கு நல்லது எது என்று யோசிக்கும் ஆள், அந்தப் பேச்சில் உட்காரவே இல்லை.

அப்படி ஒருவர் யோசித்த இடம் ஒன்று உண்டு. மேற்கு வாசலின் நிலத்தடிச் சதுக்கம். கட்டடக் கலைஞர் சகாகுரா ஜுன்சோ வடிவமைத்து 1966இல் முடிந்தது. நடுவே பெரிய துளை, அதில் கார்கள் சுழன்று இறங்க வளைவுச் சாலை. வானம் நிலத்தடி வரை வரும், புகை மேலே போய்விடும். மக்கள் நிற்க, பேச, பார்க்க ஓர் இடம். மக்கள் நின்றார்கள், அதுதான் பிரச்சினையானது.

வியட்நாம் போர்க்காலம் அது. 1967 ஆகஸ்டில் அமெரிக்கப் படைத்தளத்துக்கு விமான எரிபொருள் சுமந்த சரக்கு ரயில் ஒன்று ஷின்ஜுகுவில் மோதித் தீப்பிடித்தது. தினமும் தாங்கள் வேலைக்குப் போகும் பாதையில்தான் அந்தப் போருக்கான எண்ணெயும் போகிறது என்பது எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. 1968 அக்டோபர் 21 இரவு மாணவர்கள் நிலையத்துக்குள் புகுந்து தண்டவாளத்தில் இறங்கினார்கள். ரயில்கள் நின்றன. நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்து, கலகக் குற்றச்சட்டத்தை எடுத்தார்கள். மறு ஆண்டு சத்தம் வேறு விதமாக வந்தது. சனிக்கிழமை மாலைகளில் சில இளைஞர்கள் கிடாருடன் மேற்கு வாசல் சதுக்கத்துக்கு வந்து போரெதிர்ப்புப் பாடல்கள் பாடினார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது.

அரசு என்ன செய்தது தெரியுமா? 1969 ஜூலையில் ஒரு நாள் பெயர்ப் பலகைகளை மாற்றியது. ‘மேற்கு வாசல் நிலத்தடிச் சதுக்கம்’ என்று இருந்த இடத்தில் ‘நிலத்தடி வழி’ என்று எழுதினார்கள். சதுக்கத்தில் நிற்கலாம். வழியில் நின்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். ‘நிற்காதீர்கள், நடந்துகொண்டே இருங்கள்’ என்று போலீஸ் சொல்ல ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஓர் இடத்தை ஒரு கல்கூட நகர்த்தாமல் வேறு இடமாக்கிய இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

நிற்கக் கூடாத அந்த வழியில் 1990களில் மனிதர்கள் படுத்தார்கள். ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்து வேலை போனவர்கள், கட்டட வேலைக்கு நாட்கூலிக்கு வந்து வயதானவர்கள். மாநகர அரசுக் கட்டடத்துக்குப் போகும் நிலத்தடிப் பாதையில் அட்டைப்பெட்டி வீடுகள் வரிசையாக எழுந்தன. இளம் ஓவியர்கள் வந்து அட்டைச் சுவர்களில் படம் வரைந்தார்கள். 1996 ஜனவரியில் நகரும் நடைமேடை போடப்போகிறோம் என்று ஒரு பகுதியைக் காலி செய்தார்கள். 1998 பிப்ரவரியில் எஞ்சிய பகுதியில் தீப்பிடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதோடு அந்தக் குடியிருப்பு முடிந்தது. நகரும் நடைமேடை இருக்கிறது.

தெற்குப் பக்கம்தான் கடைசியாக விழித்துக்கொண்டது. 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியாரிடம் கொடுத்தபின், பழைய சரக்கு முற்றத்தின் நிலம் பணமானது. 1996இல் தகாஷிமாயா பேரங்காடி வந்தது. 2016 ஏப்ரலில் தண்டவாளங்களுக்கு மேலேயே தளம் போட்டு, சிதறிக் கிடந்த வெளியூர்ப் பேருந்து நிறுத்தங்களை எல்லாம் பஸ்டா ஷின்ஜுகு என்ற ஒரே முனையத்தில் சேர்த்தார்கள். இந்த நிலையத்தில் ஒரு காரியத்தை முன்கூட்டி யோசித்துச் செய்ததற்குக் கிடைக்கும் அரிய சான்று அது.

இப்போது மேற்குப் பக்கம் மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓடாக்யூ பேரங்காடியின் முதன்மைக் கட்டடம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. அந்த இடத்தில் 48 மாடி, சுமார் 260 மீட்டர் உயரக் கட்டடம் வரப்போகிறது. தண்டவாளங்களுக்கு மேலே கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் தளமும் மொத்தத் திட்டத்தில் இருக்கிறது. சகாகுராவின் வளைவுச் சாலைகள் உள்ள சதுக்கமும் மாறும். கிழக்கே சந்திப்புப் புள்ளியாக இருந்த ஸ்டூடியோ ஆல்டா 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. ‘ஆல்டா முன்னால்’ என்று சொல்லிப் பழகியவர்கள் இப்போது 2021இல் வந்த முப்பரிமாணப் பூனை விளம்பரத்தின் கீழே நின்றுகொள்கிறார்கள்.

வேலை நடக்கும்போதெல்லாம் வழிகள் வாரத்துக்கு வாரம் மாறும். நேற்று இருந்த படிக்கட்டு இன்று பலகை மறைப்பு. 2003, 2004 வாக்கிலும் இப்படித்தான் ஒரு பெரிய வேலை நடந்தது. அங்கே கூட்டத்தை வழிநடத்த நிறுத்தப்பட்டிருந்த காவலாளி ஒருவர், தொண்டை கிழியக் கத்தியும் யாரும் கேட்கவில்லை என்பதால், ஒட்டுநாடாச் சுருளை எடுத்தார். மறைப்புப் பலகையில் நாடாவை நீளநீளமாக ஒட்டி, கத்தியால் மூலைகளை வளைத்து வெட்டி, தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிய எழுத்துகளில் எந்த ரயிலுக்கு எந்தப் பக்கம் என்று காட்டினார். மக்கள் நின்று படித்தார்கள், சரியான பக்கம் திரும்பினார்கள். அந்த எழுத்து வடிவத்துக்கு இன்று அவருடைய பெயரையே வைத்துக் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்ததும் பலகைகளோடு நாடாவையும் உரித்து எடுத்துவிட்டார்கள்.